இரண்டு எண்களுக்கு நடுவே ஒரு கிளிப்

வீடியோ எடிட்டிங் மென்பொருளில், கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில், ஒரு கிளிப்பின் ஓரத்தைப் பிடித்து உள்ளே இழுக்கும்போது வீடியோ வெட்டுப்படுவதில்லை. மூலக் கோப்பிலுள்ள பிரேம்களில், அதாவது தனித்தனிப் படங்களில், ஒன்றுகூடக் குறையாது. ‘இந்தக் கோப்பில் இந்த பிரேமிலிருந்து இந்த பிரேம் வரை காட்டு’ என்று மென்பொருள் எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்புதான் கிளிப். தொடக்க எண் இன் பாயின்ட், முடிவு எண் அவுட் பாயின்ட். இது பிடிபட்டால் டிரிம் செய்வதில், அதாவது கிளிப்பின் ஓரங்களைச் சரிசெய்வதில் வரும் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

விநாடிக்கு 25 பிரேம் ஓடும் 40 விநாடி ஷாட் ஒன்று இருக்கிறது. 00:00:12:10-இல் (மணி:நிமிடம்:விநாடி:பிரேம்) இன் குறிக்க ‘ஐ’ (I) விசையும் 00:00:16:09-இல் அவுட் குறிக்க ‘ஓ’ (O) விசையும் அழுத்துகிறோம். கழித்தால் 99 பிரேம்தான் வரும். கிளிப்பின் நீளமோ 100 பிரேம், சரியாக 4 விநாடி. காரணம், பிரீமியர், டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள்கள் இரண்டிலும் அவுட் குறித்த பிரேமும் கிளிப்போடு சேர்த்தி. அடுத்த காட்சி தொடங்கிவிட்ட பிரேமில் ‘ஓ’ அழுத்தினால் அந்த ஒற்றை பிரேம் ஒட்டிக்கொண்டு வரும்; ஓட்டிப் பார்க்கையில் பளிச்சென்று ஏதோ மின்னி மறையும். இடது அம்பு விசையை ஒருமுறை தட்டிவிட்டுக் குறித்தால் சரியாகிவிடும்.

இன்னுக்கு முன்னும் அவுட்டுக்குப் பின்னும் பயன்படாமல் கிடக்கும் பகுதிக்கு ஹேண்டில் என்று பெயர். வீண் என்று இதை நினைக்கவே கூடாது. இரண்டு கிளிப்புக்கு நடுவே 1 விநாடி டிசால்வ் (ஒரு காட்சி மங்கி அடுத்ததில் கரைவது) போட்டால், முதல் கிளிப் தன் அவுட்டைத் தாண்டியும் இரண்டாவது தன் இன்னுக்கு முன்னாலும் ஏறக்குறைய அரை விநாடி, அதாவது 12, 13 பிரேம் கொடுத்தாக வேண்டும். ஷாட்டை முதல் பிரேமிலிருந்தே எடுத்திருந்தால் கொடுக்க எதுவும் இருக்காது. அப்போது மென்பொருள் டிசால்வைச் சுருக்கும், அல்லது ஓர பிரேமை உறைய வைத்து ஒப்பேற்றும். நகர்ந்துகொண்டிருந்த ஆள் திடீரென்று சிலையாக நிற்பது இதனால்தான். இரு பக்கமும் 1 விநாடியாவது விட்டுவைப்பது நல்லது.

ஹேண்டில் இருந்தால்தான் ஸ்லிப்பும் நடக்கும். பிரீமியரில் ‘ஒய்’ (Y) அழுத்தி, மேலே சொன்ன கிளிப்பை 10 பிரேம் நகர்த்தினால் இன் 12:20, அவுட் 16:19 ஆகும். டைம்லைனில் அதன் இடமும் மாறாது, நீளமும் மாறாது. ஜன்னல் அப்படியே இருக்க, அதற்குள் தெரியும் காட்சி மட்டும் நகர்கிறது. இசைக்குப் பொருத்தி வைத்த வெட்டுகளைக் கலைக்காமல் ஒரு முகபாவத்தைச் சரியாகப் பிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. இரண்டு கிளிப்புக்கு நடுவேயுள்ள வெட்டை ரோல் செய்தால் முதலாவதன் அவுட் பாயின்ட்டும் அடுத்ததன் இன் பாயின்ட்டும் சேர்ந்து நகரும். மொத்த நீளம் மாறாது. ரிப்பிளில்தான் கவனம் வேண்டும். ஒரு கிளிப்பை 10 பிரேம் நீட்டினால் பின்னாலுள்ள எல்லாம் 10 பிரேம் தள்ளிப்போகும். இசை டிராக்கைப் பூட்டி வைத்திருந்தால் அது மட்டும் நகராது. அங்கிருந்து படமும் தாளமும் 0.4 விநாடி விலகியே ஓடும்.

ஒலிக்கு பிரேம் என்பது பெரிய அளவு. 48,000 ஹெர்ட்ஸ் ஒலியில் ஒரு பிரேமுக்குள் 1,920 மாதிரிகள் (ஒலி அலையின் தனித்தனி அளவீடுகள்) அடங்கும். அலை உச்சத்தில் இருக்கும்போது வெட்டு விழுந்தால் ‘டிக்’ என்று கேட்கும். அந்த இடத்தில் 2 பிரேம் கிராஸ்ஃபேட் (ஓர் ஒலி தேய அடுத்தது எழுவது) போட்டால் போதும். அதற்கும் ஹேண்டில் வேண்டும்.