மசோதா சட்டமாகும் முன் உங்கள் கருத்தும் பதிவாகலாம்: நாடாளுமன்றக் குழுக்கள் வேலை செய்யும் விதம்

2025 பிப்ரவரியில் மக்களவையில் அறிமுகமான புதிய வருமான வரி மசோதாவில் பலர் கவனிக்காத ஒரு பிரிவு இருந்தது. கெடு தேதிக்குள் ரிட்டன் தாக்கல் செய்யாதவர்கள், கூடுதலாகப் பிடித்த வரியைத் திரும்பக் கேட்க முடியாது என்பது அதன் விளைவு. வங்கி வட்டியில் டிடிஎஸ் பிடிக்கப்பட்ட ஒரு பெரியவர் உடம்பு சரியில்லாமல் ஒரு வாரம் தாமதமாக ரிட்டன் போட்டிருந்தாலும், அவர் பணம் போனது போனதுதான். அந்த மசோதாவை 31 உறுப்பினர்கள் கொண்ட தெரிவுக் குழுவுக்கு அனுப்பினார்கள். ஜூலையில் குழு 285 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது. அந்தப் பிரிவை எடுத்துவிடச் சொன்னதும் அவற்றில் ஒன்று. ஆகஸ்டில் அரசு பழைய மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, திருத்திய மசோதாவைக் கொண்டுவந்தது. அதில் அந்தப் பிரிவு இல்லை.

திருத்திய மசோதா மக்களவையில் எப்படி நிறைவேறியது தெரியுமா? அமளிக்கு நடுவே, விவாதமே இல்லாமல், குரல் வாக்கெடுப்பில். வரி கட்டும் மக்களுக்கு நடந்த நல்லது எல்லாம் அதற்கு முன்பே, கேமரா இல்லாத ஓர் அறையில் நடந்து முடிந்திருந்தது. தொலைக்காட்சியில் கூச்சலை மட்டும் பார்த்துவிட்டு "நாடாளுமன்றத்தில் ஒன்றுமே நடப்பதில்லை" என்று சொல்லும்போது நாம் தவறவிடுவது அந்த அறையைத்தான். அங்கே நம் கருத்தையும் அனுப்பிவைக்க வழி இருக்கிறது.

என்னென்ன குழுக்கள்?

குழுக்கள் நிறைய உண்டு. நமக்கு முக்கியமானவற்றை மட்டும் பார்ப்போம்.

துறைசார் நிலைக்குழுக்கள் மொத்தம் 24. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர், ஆக 31 பேர். 1993-ல் 17 குழுக்களோடு தொடங்கிய இந்த முறை 2004-ல் 24 ஆக விரிந்தது. 16 குழுக்கள் மக்களவையின் பொறுப்பில் இருக்கின்றன. உள்துறை, கல்வி, சுகாதாரம், போக்குவரத்து உள்ளிட்ட எட்டு குழுக்கள் மாநிலங்களவையின் பொறுப்பில். அமைச்சராக இருப்பவர் இவற்றில் உறுப்பினராக முடியாது. குழுவின் ஆயுள் ஓராண்டு, அப்புறம் மாற்றி அமைப்பார்கள். தலைவர் பதவி எதிர்க்கட்சியினருக்கும் கிடைக்கும். 2024-ல் அமைந்த குழுக்களில் நுகர்வோர் நலன், உணவு, பொது விநியோகத்துக்கான குழுவுக்குக் கனிமொழியும், தொழில்துறைக் குழுவுக்குத் திருச்சி சிவாவும் தலைவர்கள் ஆனார்கள்.

அரசு செலவழித்த பணத்துக்குக் கணக்குக் கேட்பது பொதுக் கணக்குக் குழு. 1921-லிருந்தே இருக்கும் குழு இது. தொடக்க காலத்தில் நிதித் துறைக்குப் பொறுப்பானவரே இதற்குத் தலைமை தாங்கினார். 1967-லிருந்து எதிர்க்கட்சி உறுப்பினரைத் தலைவராக்குவது மரபாகிவிட்டது. அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கை அவையில் வைக்கப்பட்டதும், பெரும்பாலும் போய்ச் சேரும் இடம் இந்தக் குழுதான். மதிப்பீட்டுக் குழுவும் பொதுத்துறை நிறுவனங்களுக்கான குழுவும் இதன் உடன்பிறப்புகள்.

ஒரே ஒரு மசோதாவுக்காகவோ விவகாரத்துக்காகவோ அமைத்து, அறிக்கை தந்ததும் கலைந்துவிடுபவை தெரிவுக் குழுவும் கூட்டுக் குழுவும். செய்திகளில் அடிபடும் 'ஜேபிசி' என்பது இந்தக் கூட்டுக் குழுதான். போஃபர்ஸ், 1992 பங்குச் சந்தை ஊழல், 2ஜி என்று பெரிய விவகாரங்களுக்கெல்லாம் கூட்டுக் குழு அமைத்தார்கள்.

இன்னொரு குழுவைப் பற்றியும் சொல்ல ஆசை: உறுதிமொழிக் குழு. கேள்வி நேரத்தில் அமைச்சர் "பரிசீலனையில் இருக்கிறது", "தகவல் திரட்டி அவையில் வைக்கிறோம்" என்று சொன்னால் அதை உறுதிமொழியாகக் குறித்துக்கொள்வார்கள். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லாவிட்டால் கால நீட்டிப்புக் கேட்க வேண்டும். உங்கள் ஊர் எம்.பி. கேட்ட கேள்விக்கு அப்படி ஒரு பதில் வந்திருந்தால், அது காற்றோடு போய்விடவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மூடிய கதவுக்குள் என்ன நடக்கிறது?

பட்ஜெட் தாக்கலான பிறகு சில வாரங்கள் அவை கூடாது. அது விடுமுறை இல்லை. அந்த இடைவெளியில் நிலைக்குழுக்கள் ஒவ்வோர் அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையையும் எடுத்துவைத்துக்கொண்டு, துறைச் செயலாளர்களை நேரில் வரவழைத்துக் கேள்வி கேட்கும். போன வருடம் ஒதுக்கியதில் எவ்வளவு செலவானது, ஏன் மிச்சம், எந்தத் திட்டம் எங்கே முடங்கிக் கிடக்கிறது என்று துருவுவார்கள். மசோதா வந்தால் நிபுணர்கள், தொழிற்சங்கங்கள், தன்னார்வ அமைப்புகள், பாதிக்கப்படும் மக்கள் என்று பலரையும் அழைத்துக் கேட்பார்கள். துறையின் அன்றாட நிர்வாகத்தில் மட்டும் நிலைக்குழு தலையிடாது.

கூட்டங்களுக்குப் பார்வையாளரோ பத்திரிகையாளரோ போக முடியாது. இது குறை போலத் தெரியலாம், ஆனால் எனக்கு இதில் உடன்பாடுதான். யாரும் பார்க்கவில்லை என்பதால் கட்சிக்காக முழங்க வேண்டிய கட்டாயம் குறைகிறது. இங்கே கொறடா உத்தரவும் கிடையாது. ஆளும் கட்சி உறுப்பினரே செயலாளரைக் கறாராகக் கேட்க முடியும். அதற்காகக் கட்சி வாசலிலேயே நின்றுவிடுகிறது என்றும் சொல்ல முடியாது. வக்ஃப் திருத்த மசோதாவுக்கான கூட்டுக் குழு 2025 ஜனவரியில் தன் அறிக்கையை 15-க்கு 11 என்ற வாக்கில்தான் ஏற்றது. உடன்படாத உறுப்பினர்கள் மறுப்புக் குறிப்பு எழுதித் தரலாம், அது அறிக்கையோடு சேர்ந்தே அச்சாகும். என்னைக் கேட்டால், ஒரு மசோதாவை ஒரே நாளில் புரிந்துகொள்ள நினைப்பவர் அந்த மறுப்புக் குறிப்புகளை முதலில் படிக்கலாம்.

உங்கள் கருத்தை அனுப்புவது எப்படி?

ஒரு மசோதா குழுவுக்குப் போனதும், பொதுமக்கள் கருத்து அனுப்பலாம் என்று நாளிதழ்களிலும் நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்திலும் அறிவிப்பு வரும். பெரும்பாலும் கொடுக்கும் அவகாசம் 15 நாட்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், வழக்கறிஞராகவோ சங்கத் தலைவராகவோ இருக்க வேண்டியதில்லை. கட்டணம் எதுவும் இல்லை. தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பலாம்.

நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய தடை மொழி. கருத்துரையை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் கேட்கிறார்கள். இது மாற வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். தமிழில் மட்டும் எழுதத் தெரிந்த ஒரு மீனவருக்கோ நெசவாளருக்கோ, தன் பிழைப்பைத் தொடும் மசோதாவைப் பற்றிச் சொல்லச் சட்ட நிபுணரைவிட அதிகம் இருக்கும். அது மாறும் வரை, முதலில் தமிழில் தெளிவாக எழுதிக்கொண்டு, தெரிந்த யாரிடமாவது கொடுத்து மொழிபெயர்த்து அனுப்புவதுதான் வழி. சங்கமாகச் சேர்ந்து செய்தால் சுமை குறையும்.

எழுதும்போது ஒன்றை மறக்காதீர்கள். "இந்த மசோதா மக்கள் விரோதமானது" என்று நாலு பக்கம் எழுதினால் குழுவின் அலுவலர்களால் அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. எந்தப் பிரிவு, எந்த வரி, அதனால் யாருக்கு என்ன நடக்கும், அதற்குப் பதில் என்ன வாசகம் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். அரைப் பக்கம் போதும். மேலே சொன்ன ரீஃபண்ட் விஷயத்தை எடுத்துக்கொண்டால், "தாமதமாக ரிட்டன் போடுபவர் தாமதக் கட்டணம் ஏற்கெனவே கட்டுகிறார், அவருடைய சொந்தப் பணத்தையும் மறுக்க வேண்டாம், இந்த உட்பிரிவை நீக்குங்கள்" என்பது மூன்றே வாக்கியம்தான். அதில் வேண்டியது எல்லாம் இருக்கிறது. நேரில் வந்து பேசவும் விருப்பம் என்றால் அதையும் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். அழைப்பதா வேண்டாமா என்பது குழுவின் முடிவு. இன்னொன்று, அனுப்பிய கருத்துரை குழுவின் ஆவணமாகிவிடும். அதை ரகசியமாக வைத்திருக்கச் சொல்வார்கள். வெளியிட்டால் அவையின் உரிமை மீறல் ஆகலாம் என்பதால், ஃபேஸ்புக்கில் அப்படியே போட்டுவிடாதீர்கள்.

மசோதா இல்லாவிட்டாலும் மனு உண்டு

இரு அவைகளிலும் மனுக்கள் குழு இருக்கிறது. மக்களவைக் குழுவில் 15 பேர், மாநிலங்களவைக் குழுவில் 10 பேர். நிலுவையில் உள்ள மசோதா பற்றியோ, பொது நலன் சார்ந்த எந்த விஷயம் பற்றியோ அவைக்கு மனு அனுப்பலாம். பெயர், முகவரி, கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாதவர் கைரேகை வைக்கலாம். மரியாதையான மொழியில் இருக்க வேண்டும். வேறு இந்திய மொழியில் எழுதினால் ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பை இணைத்து அதிலும் கையெழுத்திட வேண்டும். நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கைப் பற்றி எழுத முடியாது. சட்டப்படி வேறு நிவாரணம் இருக்கும் விஷயங்களையும் ஏற்கமாட்டார்கள். எம்.பி. ஒருவர் மேலொப்பமிட்டு அவையில் தாக்கல் செய்யலாம், அல்லது அவையின் பொதுச்செயலருக்கு நீங்களே அனுப்பலாம்.

இதனால் எல்லாம் என்ன ஆகிவிடும் என்று தோன்றினால், முன்னாள் ராணுவத்தினரைக் கேளுங்கள். 'ஒரே பதவி, ஒரே பென்ஷன்' கோரிக்கை மனுவாக மாநிலங்களவை மனுக்கள் குழுவுக்குப் போனது. பகத் சிங் கோஷியாரி தலைமையிலான அந்தக் குழு 2011 டிசம்பரில் கோரிக்கை நியாயமானது என்று அறிக்கை தந்தது. பிறகு வந்த போராட்டங்களில் எல்லாம் அந்த அறிக்கைதான் கையிலிருந்த ஆதாரம். 2015-ல் அரசாணை வந்தது.

அதே குழு 2013-ல், வருங்கால வைப்பு நிதியில் உள்ள ஊழியர்களுக்கான இபிஎஸ்-95 பென்ஷனையும் எடுத்துக்கொண்டது. குறைந்தபட்ச பென்ஷனை மாதம் 3,000 ரூபாய் ஆக்கச் சொன்னது. 2014-ல் அரசு நிர்ணயித்தது 1,000 ரூபாய். ஒரு தனியார் ஆலையில் வாழ்நாளெல்லாம் உழைத்தவருக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று சொல்ல வேண்டியதில்லை. குழு சொல்வது பரிந்துரைதான், உத்தரவு அல்ல.

பரிந்துரையின் எல்லை

2023-ல் புதிய குற்றவியல் சட்ட மசோதாக்களை உள்துறை நிலைக்குழு ஆராய்ந்தது. அறிக்கைக்குப் பிறகு அரசு பழைய மசோதாக்களைத் திரும்பப் பெற்று, திருத்தியவற்றை அறிமுகப்படுத்தியது. ஆனால் திருமணத்துக்கு வெளியேயான உறவை ஆண், பெண் இருவருக்கும் பொதுவான குற்றமாக்க வேண்டும் என்ற குழுவின் பரிந்துரையை அரசு ஏற்கவில்லை. பெண்களின் திருமண வயதை 21 ஆக்கும் மசோதா 2021 டிசம்பரில் நிலைக்குழுவுக்குப் போய் அங்கேயே தங்கி, 2024-ல் 17-வது மக்களவையோடு காலாவதியானது.

இதைவிட எனக்குக் கவலை தருவது, மசோதாக்கள் குழுவுக்கே போகாமல் இருப்பது. நிலைக்குழுவுக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மக்களவைத் தலைவரும் மாநிலங்களவைத் தலைவரும்தான் முடிவு செய்கிறார்கள். பிஆர்எஸ் ஆய்வு அமைப்பின் கணக்குப்படி 15-வது மக்களவைக் காலத்தில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குச் சென்றன, 17-வது மக்களவையில் வெறும் 16 சதவீதம். 2020-ல் மூன்று வேளாண் மசோதாக்கள் எந்தக் குழுவையும் பார்க்காமல் நிறைவேறின. ஓராண்டுக்கு மேல் டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்திருந்த பிறகு, 2021 நவம்பரில் அவற்றை ரத்து செய்தார்கள். குழு வைத்திருந்தால் போராட்டமே வந்திருக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தெருவில் சொன்னதை விவசாயிகள் முன்கூட்டியே ஓர் அறையில் சொல்லியிருக்க முடியும். உங்கள் எம்.பி.யைப் பார்க்கும்போது சாலை, பாலத்தோடு சேர்த்து, "இந்த மசோதாவைக் குழுவுக்கு அனுப்பச் சொல்லி அவையில் கேளுங்கள்" என்றும் கேட்கலாம்.

குழு அறிக்கை வந்த பிறகு என்ன ஆனது என்று பார்க்கவும் வழி இருக்கிறது. பரிந்துரைகள் மீது என்ன செய்தோம் என்று அரசு மூன்று மாதத்தில் பதில் தர வேண்டும். அந்தப் பதில்களை வைத்துக் குழு இன்னோர் அறிக்கை வெளியிடும், அதன் பெயர் நடவடிக்கை அறிக்கை. சன்சத் தளத்தில் குழுவின் பெயருக்குக் கீழே இலவசமாகக் கிடைக்கும். அரசு ஏற்றுக்கொண்டவை, அரசின் விளக்கத்தைக் கேட்டுக் குழு விட்டுவிட்டவை, அரசின் பதிலைக் குழு ஏற்க மறுத்தவை, இன்னும் இறுதிப் பதில் வராதவை என்று தனித்தனி அத்தியாயமாகப் பிரித்திருப்பார்கள். நேரம் குறைவு என்றால், குழு ஏற்க மறுத்த பதில்கள் உள்ள அத்தியாயத்துக்கு நேராகப் போங்கள். மக்களவைக் குழுக்களின் அறிக்கைகளில் பொதுவாக அது நான்காவது.