சீப்புக்கு வால் உண்டு, பிரஷ்ஷுக்கு இல்லை

1887-ல் வார்சாவில் வெளியான, ஒருவர் உட்கார்ந்து உருவாக்கிய செயற்கை மொழியான எஸ்பெராண்டோவில் கம்ப்யூட்டருக்குச் சொல் உண்டா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு: கொம்புட்டீலோ. 'கொம்புட்' கணக்கிடுவது, 'இல்' கருவி, கடைசி 'ஓ' பெயர்ச்சொல்லின் அடையாளம். 'கணி'யிலிருந்து நாம் கணினி செய்துகொண்டது போலத்தான்.

இந்த மொழியை உருவாக்கிய கண் மருத்துவர் சமன்ஹோஃபுக்கு யோசனை கொடுத்தவை, பள்ளி நாட்களில் பார்த்த ரஷ்யப் பெயர்ப்பலகைகள். வாயிற்காவலர் அறைக்கும் மிட்டாய்க் கடைக்கும் பெயர் 'ஸ்காயா' என்றே முடிந்தது. இப்படிப் பத்து இருபது வால்கள் இருந்தால் அகராதி இளைத்துவிடுமே என்று பையனுக்குத் தோன்றியது.

சரி, ஒட்டிப் பார்ப்போம். 'சானா' என்றால் ஆரோக்கியமான. முன்னால் 'மல்' வந்தால் எதிர்ப்பதம்: மல்சானா, நோயுற்ற. ஆளைக் குறிக்கும் 'உல்' சேர்ந்தால் மல்சானூலோ, நோயாளி. இடத்தைக் குறிக்கும் 'எய்' சேர்ந்தால் மல்சானுலேயோ, ஆஸ்பத்திரி. அவசரக்காரர்கள் 'ஹோஸ்பிட்டாலோ' என்றும் சொல்கிறார்கள். நான் நீளச் சொல்லின் கட்சி.

எனக்கு மிகப் பிடித்த இடம் இனிமேல்தான். 'கொம்பி' என்றால் தலைவாருவது, 'ப்ரோசி' என்றால் பிரஷ்ஷால் தேய்ப்பது. இரண்டும் 'இ'யில் முடியும் வினைகள். பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் 'ஓ' போட்டதும் குட்டு வெளிப்படும். ப்ரோசோ என்றால் பிரஷ். கொம்போ என்றால் சீப்பு என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, அது தலைவாரும் செயல். சீப்பு வேண்டுமென்றால் கருவி வாலைச் சேர்த்து 'கொம்பீலோ' என்று சொல்ல வேண்டும். காரணம், 'கொம்ப்' என்ற வேர் பிறவியிலேயே செயல். 'ப்ரோஸ்' பிறவியிலேயே பொருள். இந்தப் பிறவிக் குணம் எழுத்தில் எங்கும் தெரியாது, வேரோடு சேர்த்து மனப்பாடம் செய்ய வேண்டியதுதான். விதிவிலக்கே இல்லாத மொழி என்று விளம்பரம் செய்பவர்கள் இதை மட்டும் மெதுவாகத்தான் சொல்வார்கள். வேர்களுக்கு இப்படி ஒரு குணம் உண்டா என்று வாதாடியவர்களில் ஒருவர் ரெனே தெ சொஸ்யூர். புகழ்பெற்ற மொழியியலாளர் ஃபெர்டினாண்டின் தம்பி. ஊரில் இதற்கெல்லாமா ஆராய்ச்சி என்று கேட்பார்கள். மொழி மூளைக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க இதைவிட மலிவான சோதனைக்கூடம் கிடைக்காது. ஒரு சீப்பும் பிரஷ்ஷும் போதும்.

வால் ஒட்டுவதில் வேடிக்கையும் உண்டு. 'கொலேகோ' என்றால் உடன் வேலை செய்பவர். 'கோலோ' என்றால் கழுத்து, 'எக்' பெரிதாக்கும் வால். அப்படிப் பிரித்தால் அதே கொலேகோ பெருங்கழுத்து. 'என் கொலேகோ வலிக்கிறது' என்று ஒருவர் சொன்னால் கழுத்தைப் பார்ப்பதா, பக்கத்து நாற்காலியைப் பார்ப்பதா என்று இலக்கணம் சொல்லித் தராது.