கூட்டு நிகழ்ச்சித்திட்டம்: சொல் விளக்கம்

கொழும்பு பௌத்தாலோக மாவத்தையிலுள்ள ஐக்கிய நாடுகள் அலுவலகங்களின் தமிழ்ப் பிரசுரங்களிலும் அமைச்சுகளின் அறிக்கைகளிலும் அடிக்கடி தலைகாட்டும் தொடர் இது. ஆங்கிலத்தில் ‘ஜொயின்ட் புரோகிராம்’. தமிழ்நாட்டு வாசகர் பார்த்தால் கலைவிழா நிகழ்ச்சிநிரல் என்று எண்ணினாலும் எண்ணுவார். அவர்மீது குற்றமில்லை, அங்கே ஐ.நா. வளர்ச்சித் திட்டம் என்பது இங்கே ஐ.நா. அபிவிருத்தி நிகழ்ச்சித்திட்டம்.

ஐ.நா.வின் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முகவரகங்கள் (யுனிசெஃப் போன்ற ஐ.நா. அமைப்புகள்) உள்நாட்டுப் பங்காளர்களோடு சேர்ந்து, பொதுவான வேலைத்திட்டம் ஒன்றையும் அதற்குரிய வரவுசெலவுத் திட்டத்தையும் வைத்துக்கொண்டு செய்யும் பணித்தொகுதியே கூட்டு நிகழ்ச்சித்திட்டம். ஐ.நா. அபிவிருத்திக் குழு 2003 இல் வெளியிட்ட வழிகாட்டல் குறிப்பு தரும் வரையறையின் சாரம் அதுதான்.

‘புரோகிராம்’ கிரேக்க மூலத்தைக் கொண்டது. ‘புரோ’ என்றால் முன்னே. ‘கிராபெய்ன்’ என்றால் எழுதுதல். ஊரார் காண எழுதி வைத்த அறிவித்தல் என்பதே பழைய பொருள். இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, நாடகக் கொட்டகையில் தரும் தாளிலிருந்து நாடுகளின் அபிவிருத்தி வரை பரவிவிட்டது.

தமிழில் நெடுங்காலம் எல்லாவற்றுக்கும் ‘திட்டம்’ ஒன்றே போதுமாயிருந்தது. ஆங்கிலத்தில் ‘பிளான்’ ஆக இருந்த கொழும்புத் திட்டமும், ‘ஸ்கீம்’ ஆக இருந்த கல்லோயாத் திட்டமும், ‘புரோகிராம்’ ஆக இருந்த துரித மகாவலி அபிவிருத்தித் திட்டமும் நமக்குத் திட்டங்களே. பேச்சுக்கு அது போதும், ஒப்பந்தத்துக்குப் போதாது. ஒரு நிகழ்ச்சித்திட்டத்துக்குள் பல கருத்திட்டங்கள் (‘புரொஜெக்ட்’கள்) அடங்கும், அவற்றுக்கெல்லாம் மேலே தேசியத் திட்டம் ஒன்று நிற்கும். அதனால்தான் இலங்கை நிர்வாகத் தமிழ் திட்டம், நிகழ்ச்சித்திட்டம், கருத்திட்டம் என்று படி வைத்தது. கருத்திட்டத்தைச் செயற்றிட்டம் என்போரும் உண்டு; எனக்கு அதுவே பிடிக்கும், ஆனால் பெயர்ப்பலகைகளில் வென்றது மற்றது.

சிக்கல் ‘கூட்டு’ என்ற முன்பாதியில் இருக்கிறது. யாரோடு யார் கூடுகிறார்கள் என்பதை அச்சொல் சொல்கிறது. யாருடைய பணம் யாருடையதோடு கூடுகிறது என்பதைச் சொல்வதில்லை. 2003 ஆம் ஆண்டுக் குறிப்பு இதற்கு மூன்று வழிகளை வகுத்தது.

முதலாவதில் ஒவ்வொரு முகவரகமும் தன் பணத்தைத் தானே வைத்துச் செலவழிக்கும். வேலைத்திட்டம் மட்டுமே பொது. கொழும்புச் சாப்பாட்டுக் கடையின் சோற்றுப் பார்சல் போல: ஒரே தாளில் சுற்றியிருந்தாலும் கறிகள் தனித்தனியே. இதைச் சமாந்தர நிதியிடல் எனலாம். தமிழ்நாட்டு வழக்கில் ‘இணை’ என்று வரும், ஆனால் இங்கே ‘இணை’ என்றால் சேர்த்தல் என்றே காதில் விழும். மகாவலி ஐ.நா.வின் கூட்டு நிகழ்ச்சித்திட்டம் அல்ல. என்றாலும் சமாந்தர நிதியின் வடிவத்தை விளக்க அதைவிடப் பொருத்தமான உதாரணம் இந்நாட்டில் இல்லை. விக்டோரியா அணைக்குப் பிரித்தானியா, கொத்மலைக்குச் சுவீடன், ரந்தெனிகலைக்கு மேற்கு ஜேர்மனி, மாதுறு ஓயாவுக்குக் கனடா. திட்டம் ஒன்று, பணப்பைகள் நான்கு. கொழும்புத் திட்டமும் அப்படியே. 1950 ஜனவரியில் பொதுநலவாய வெளிநாட்டமைச்சர்கள் கொழும்பில் கூடிப் பிறப்பித்தது என்றாலும் பொதுக் கஜானாவிலிருந்து உதவி பகிர்வது அதன் முறையாக இருக்கவில்லை. கொடுக்கும் நாடும் வாங்கும் நாடும் நேருக்கு நேர் பேசித் தீர்த்துக்கொண்டன.

இரண்டாவதில் முகவரகங்கள் தம் பணத்தை ஒரே முகவரகத்திடம் ஒப்படைத்துவிடும். நிர்வகிப்பது அது ஒன்றே. ‘திரட்டு நிதி’ என்று பெயர்க்கலாம் என்றால் அரசாங்கத்தின் வருமானம் சேரும் திரட்டு நிதியம் குறுக்கே நிற்கிறது. ‘ஒருங்குசேர் நிதியிடல்’ குழப்பம் தராது.

மூன்றாவதில் கொடையாளி ஒரு நிர்வாக முகவரிடம் பணத்தைத் தருவார். அவர் அதைப் பங்கேற்கும் முகவரகங்களுக்குப் பிரித்து அனுப்புவார். ஐ.நா.வின் பல்பங்காளர் நம்பிக்கை நிதிய அலுவலகம் இந்த வேலையைச் செய்யும்போது பொதுவாக 1 சதவீதம் கட்டணமாக எடுக்கும். பணம் பெறும் முகவரகம் மறைமுகச் செலவுக்கென 7 சதவீதம் எடுக்கும். இதற்குக் ‘கைமாற்று நிதி’ என்று பெயர் வைக்க ஆசை வரும். வைக்கக்கூடாது. கைமாற்று என்றால் நம் ஊரில் திருப்பிக் கொடுக்கவேண்டிய கடன், இதுவோ நன்கொடை. ‘ஊடுவழி நிதியிடல்’ என்பது என் தெரிவு.

எந்தக் கூட்டு நிகழ்ச்சித்திட்டத்துக்குப் பணம் தருவது என்று தெரிவுசெய்யும் முறைக்கு நல்ல உதாரணம், வறுமை ஒழிப்பு முதலான ஐ.நா.வின் மிலேனியம் அபிவிருத்தி இலக்குகளுக்கென இருந்த நிதியம். 2006 டிசம்பரில் ஸ்பெயின் அரசாங்கம் 528 மில்லியன் யூரோ தர இணங்கியதால் பிறந்தது. விண்ணப்பங்கள் ‘சாளரங்கள்’ எனப்பட்ட கருப்பொருள் பிரிவுகளின் கீழ் கோரப்பட்டன; சுற்றாடல், பால்நிலைச் சமத்துவம், பண்பாடு, இளைஞர் தொழில்வாய்ப்பு என்பன அவற்றுட் சில. நாட்டிலுள்ள ஐ.நா. குழு எண்ணக்கருப் பத்திரம் அனுப்பியது, நிபுணர்கள் மதிப்பிட்டார்கள், நெறிப்படுத்தும் குழு முடிவெடுத்தது. அதன்பின்தான் முழு ஆவணமும் ஒப்பமும்.

அந்த நிதியத்தின் ஒரு விதி ‘கூட்டு’ என்ற சொல்லுக்கு உண்மையிலேயே பல் முளைக்க வைத்தது. முந்தைய தவணையில் குறைந்தது 70 சதவீதத்துக்கு ஒப்பந்தக் கடப்பாடு, அதாவது இன்னதற்குச் செலவிடுவதென்ற சட்டப்படியான உறுதி, ஏற்பட்டிருந்தால்தான் அடுத்த தவணை வந்தது. அந்த 70 சதவீதம் முகவரகங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு. ஒன்று தன் பங்கைச் செவ்வனே முடித்திருந்தாலும், மொத்தம் எட்டாவிட்டால் யாருக்கும் பணம் கிடைக்கவில்லை. அலுவலகங்கள் இதை விரும்பியிருக்க மாட்டா. ஆனால் பக்கத்து மேசைக்காரர் ஏன் தாமதிக்கிறார் என்று விசாரிக்க இதைவிட வலுவான காரணம் வேறேது?

இலங்கைக்குள் வரும் வெளிநாட்டு நிதிக்கு அரசாங்கத்தின் வழியும் ஒன்று உண்டு. பொறுப்பான அமைச்சு முன்மொழியும், தேசிய திட்டமிடல் திணைக்களம் பரிசீலிக்கும், வெளிநாட்டு வளங்கள் திணைக்களம் கொடையாளியோடு பேசும். இந்த ஆவணங்களைத் தமிழாக்குவோர் ‘புரோகிராம்’, ‘புரோகிராமிங்’ இரண்டையும் ஒரே சொல்லால் கடந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. முன்னது பொருள், பின்னது செயல். முகவரகங்களும் அரசாங்கமும் ஒன்றாக இருந்து தேவைகளை ஆராய்ந்து வேலையைப் பகிர்ந்துகொள்வது ‘கூட்டுத் திட்டமிடல்’. அதன் முடிவில் கூட்டு நிகழ்ச்சித்திட்டம் பிறக்கலாம். அவரவர் தனியே செய்வதே நல்லது என்ற முடிவும் வரலாம். 2003 ஆம் ஆண்டுக் குறிப்பு இரண்டையும் பிரித்தே பேசுகிறது.