மானியம்: கொடுப்பதா, வாங்காமல் விடுவதா?

மதிப்புக்குரியது என்று பொருள்படும் 'மான்ய' என்ற வடசொல்லிலிருந்து வந்தது மானியம். கோயிலுக்கோ ஊழியம் செய்பவருக்கோ வரி வாங்காமல் விட்ட நிலம்தான் பழைய மானியம். சோழர் கல்வெட்டுகளில் இதற்குப் பக்கத்தில் நிற்கும் தமிழ்ச்சொல் 'இறையிலி'. இறை என்றால் வரி. அரசு கையிலிருந்து எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை, வரவேண்டியதை வேண்டாம் என்று விட்டது.

'சப்சிடி' வேறு வழியில் வந்தது. லத்தீனில் 'சப்சிடியம்' என்பது போர்க்களத்தில் பின்னால் நிறுத்திய துணைப்படை. பிறகு உதவி, அப்புறம் உதவிப்பணம். அதற்கும் நாம் மானியம் என்றே பெயர் வைத்ததால், கணக்கில் ஏறும் பணம் மட்டுமே மானியம் என்றாகிவிட்டது. (சட்டமன்றத்தின் 'மானியக் கோரிக்கை' வேறு. அது துறைகளின் செலவுக்கு ஒப்புதல் கேட்பது.)

எரிசக்தியில் இந்தக் குழப்பம் செலவு வைக்கிறது. வீட்டுக்கூரை சூரிய மின்சாரத்துக்கு 2024இல் வந்த ஒன்றிய அரசுத் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2க்கு ரூ.60,000, 3க்கு ரூ.78,000. 5 கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான். பேனலும், வீட்டுக்கு வரும் மின்சாரத்தையும் வெளியே போகும் மின்சாரத்தையும் அளக்கும் நெட் மீட்டரும் பொருத்தி, ஆய்வு முடிந்த பிறகே பணம் வரும். அதுவரை கைக்காசு அல்லது கடன். மின் இணைப்பு இறந்துபோன தாத்தா பெயரில் இருந்தால் பெயர் மாற்றாமல் வேலை நகராது. இவ்வளவும் எல்லோர் கண்ணிலும் படுகிற மானியம்.

அனல் மின் நிலையத்துக்குக் கிடைப்பது பழைய வகை. புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடைச் சுண்ணாம்புக்கல் கரைசலால் கழுவும் கருவியைப் பொருத்தும்படி 2015இல் விதி வந்தது. கெடு பலமுறை தள்ளிப்போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கிடைத்தது. கருவிக்கு ஆகாத செலவு ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதப்படும், மின்கட்டண ரசீதில் அல்ல.

பன்னாட்டு நாணய நிதியம் 2022ஆம் ஆண்டுக்கான உலகின் புதைபடிவ எரிபொருள் மானியத்தை 7 லட்சம் கோடி டாலர் என்று மதிப்பிட்டது. அதில் வெளிப்படையானது 1.3 லட்சம் கோடிதான். மிச்சத்தில் பெரும்பகுதி மாசு, பருவநிலைக் கேடு ஆகியவற்றுக்கு வசூலிக்காத விலை. இதை மானியம் என்பதே தப்பு என்று வாதாடும் பொருளியலாளர்கள் உண்டு. 'இறையிலி' தெரிந்தவருக்கு அந்த வாதம் எடுபடாது.

பணமாகக் கொடுப்பதை 'நல்கை' என்றும், வாங்காமல் விடுவதை 'இறையிலி' என்றும் பிரித்து எழுதலாம். 'உதவித்தொகை' வேண்டாம், அது மாணவரையும் முதியோரையும்தான் நினைவூட்டும்.