ஸ்ட்ரோக் என்னும் சொல்லும் அதன் பல அடிகளும்

அவசரச் சிகிச்சைப் பிரிவிலிருந்து அழைத்து, "ஸ்ட்ரோக் என்று சொல்லி ஒருவரைக் கொண்டுவந்திருக்கிறார்கள்" என்று சொன்னால், நரம்பியல் மருத்துவராகிய நான் முதலில் கேட்பது அப்படிச் சொன்னவர் யார் என்பதைத்தான். செவிலியர் சொல்லியிருந்தால் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள், மூளையின் இரத்த ஓட்டம் திடீரெனக் கெடுவது. உறவினர் சொல்லியிருந்தால் குறைந்தது மூன்று பொருள்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த தந்தையை 'ஸ்ட்ரோக்' என்று சொல்லி அழைத்துவந்த மகனையும், வெயிலில் மயங்கி விழுந்தவரை அதே சொல்லோடு தூக்கிவந்த சக தொழிலாளர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் எந்தப் பெயரைச் சொன்னாலும் உடனே வந்துவிட்டார்கள் என்பதால் பெரிய கேடு நேரவில்லை. என்னை அதிகம் வருத்தியது இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்வு. காலையில் திடீரெனப் பேச்சுக் குழறிய ஒரு பெண்மணியை, கைகால் நன்றாகத்தானே இயங்குகின்றன, இது ஸ்ட்ரோக்காக இருக்காது என்று நம்பி, வீட்டார் மாலைவரை படுக்கவைத்திருந்தார்கள். கைகால் விழுந்தால்தான் ஸ்ட்ரோக் என்பது அவர்கள் அறிந்திருந்த பொருள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அந்த ஆங்கிலச் சொல்லே அவ்வளவு வழுக்கலானது. நீச்சல் வீரரின் கைவீச்சு, துடுப்பை ஒரு முறை வலிப்பது, தூரிகையின் ஒரு தீற்றல், மட்டையாளர் பந்தை அடிக்கும் விதம், கடிகாரம் மணி அடிப்பது, எதிர்பாராமல் அடிக்கும் அதிர்ஷ்டம் ஆகிய எல்லாமே அந்த மொழியில் ஸ்ட்ரோக்தான். எஞ்சினுக்குள் பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்லும் ஓட்டமும் ஸ்ட்ரோக். அந்த ஓட்டம் எத்தனை முறை நிகழ்ந்தால் ஒரு சுழற்சி முடிகிறது என்பதை வைத்துத்தான் டூ ஸ்ட்ரோக், ஃபோர் ஸ்ட்ரோக் என்று பிரிக்கிறார்கள். போதாக்குறைக்கு, இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் ஏறத்தாழ 70 மில்லி லிட்டர் இரத்தத்துக்கு 'ஸ்ட்ரோக் வால்யூம்' என்று பெயரிட்டு, இதய மருத்துவர்களும் குழப்பத்துக்குத் தங்கள் பங்கைச் செலுத்தியிருக்கிறார்கள். பூனையின் முதுகை மெல்ல வருடுவதும் இதே சொல்தான் என்பது எனக்கு நெடுநாள் வியப்பாக இருந்தது.

வேரைத் தேடிப் போனால் அந்த வியப்பு விலகுகிறது. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்ட்ராக்கியன்' என்றால் தடவுதல், வருடுதல். அடிப்பதைக் குறிக்கும் 'ஸ்ட்ரைக்' இதன் உடன்பிறப்பு. அதன் பழைய வடிவமும் தொடக்கத்தில் ஒரு பரப்பின் மேல் இழைந்து செல்வதையே குறித்தது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஜெர்மன் சொல் இன்றும் தடவுதல், பூசுதல் என்ற பொருளில் வழங்குகிறது. ஆக, மூலத்தில் இருந்தது கையின் நகர்வு மட்டுமே. அந்தக் கை இழைந்தால் வருடல், ஓங்கினால் அடி. நீச்சலும் தூரிகையும் பிஸ்டனும் நகர்வின் வழியில் வந்தவை. எங்கள் நோய் அடியின் வழியில் வந்தது.

அந்த அடி யாருடையது என்பதிலும் ஒரு வரலாறு உண்டு. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நோயைக் குறிக்கத் தொடங்கியபோது, கடவுளுடைய கையின் அடி என்பதே அதன் முழுப் பொருளாக இருந்தது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் கண்ணெதிரே சரிந்து விழுந்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு கை அடித்ததாக நினைப்பது இயல்புதானே? ஆங்கிலேயர் மட்டும் அப்படி நினைக்கவில்லை. பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரட்டீஸின் பெயரில் வழங்கும் நூல்களில், இப்படித் திடீரெனச் சரிந்து விழுவதைக் குறிக்கும் 'அப்போப்ளெக்ஸி' என்ற கிரேக்கச் சொல்லுக்கு அடித்து வீழ்த்துதல் என்று பொருள். ஒரு பக்கம் செயலிழப்பதை நாங்கள் 'ஹெமிப்ளீஜியா' என்று எழுதும்போது, அதே வேரிலிருந்து 'பாதி அடி' என்றுதான் எழுதுகிறோம். இத்தாலியர்கள் 'இக்டஸ்' என்கிறார்கள், அதுவும் இலத்தீனில் அடிதான். ஜெர்மானியரின் சொல்லிலும் அடி இருக்கிறது. தமிழோ வேறு பாதையில் சென்று, பக்கவாதம், பாரிச வாயு என்று, உடலின் வாதம் கெட்டு ஒரு பக்கத்தைப் பற்றிக்கொண்டதாகப் பெயரிட்டது.

அடி வெளியிலிருந்து விழுவதில்லை என்பதற்கு முதல் உறுதியான சான்றைத் தந்தவர்களுள் ஒருவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் யோகான் யாக்கோப் வெப்ஃபர். அப்போப்ளெக்ஸியால் இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்து, அவர்களுள் சிலருக்கு மூளைக்குள் இரத்தம் கசிந்திருந்ததை அவர் 1658ஆம் ஆண்டு வெளியிட்டார். மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபடுவது ஒரு வகை, அது வெடித்துக் கசிவது மற்றொரு வகை என்பது இன்று மாணவர்களும் அறிந்த செய்தி. பெரும்பாலானவை அடைப்பு வகையே. ஆயினும் இந்நோயின் முகவரி அண்மைக்காலம்வரை தவறாகவே இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலின் 10ஆம் பதிப்பு இதை இரத்த ஓட்ட நோய்களுடன் சேர்த்திருந்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பில்தான் இது நரம்பு மண்டல நோய்களின் அத்தியாயத்துக்கு வந்து சேர்ந்தது. நிபுணர்களின் பட்டியலே இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டபோது, பதறி நிற்கும் உறவினர் இதயத்தையும் மூளையையும் மாற்றிச் சொல்வதில் என்ன பிழை?

மாரடைப்பு என்பது இதயத் தசைக்குச் செல்லும் இரத்தம் தடைபடுவது. ஸ்ட்ரோக் என்பது மூளைக்குச் செல்லும் இரத்தம் தடைபடுவது அல்லது மூளைக்குள் கசிவது. இதில் பெரும்பாலும் நெஞ்சுவலி இருக்காது, பலருக்கு எந்த வலியுமே இருக்காது, தாமதத்துக்கு அதுவே பெரிய காரணம். ஹீட் ஸ்ட்ரோக் இவை இரண்டோடும் தொடர்பில்லாதது. உடலின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, அதனால் மூளை தடுமாறும் நிலை அது. அங்கே சிகிச்சை உடலை உடனே குளிர்விப்பது. மூன்றுமே உயிருக்கு ஆபத்தானவை, ஆனால் ஒன்றுக்குச் செய்வது மற்றொன்றுக்கு உதவாது. குறிப்பாக, மாரடைப்புக்கு ஆஸ்பிரின் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு அதையே ஸ்ட்ரோக்குக்கும் வீட்டில் கொடுத்துவிடுகிறார்கள். அடைப்பா கசிவா என்பதை ஸ்கேன் எடுக்கும்வரை எங்களாலேயே சொல்ல முடியாது. கசிவாக இருந்தால் அந்த மாத்திரை நிலைமையை மோசமாக்கக்கூடும். விழுங்கும் திறன் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம்.

ஸ்ட்ரோக்கின் அறிகுறிகள் வந்து சிறிது நேரத்தில் தாமாகவே மறைவதைக் குறிக்கும் 'மினி ஸ்ட்ரோக்' என்ற தொடர் எனக்குப் பிடிப்பதேயில்லை. கை மரத்துப் பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது என்று சிரித்துக்கொண்டே வருபவருக்கு அந்தப் பெயரைச் சொன்னால், முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு நிம்மதியாகப் போய்விடுகிறார். முழு ஸ்ட்ரோக் தாக்கும் அபாயம் அடுத்த இரண்டு நாட்களில்தான் மிக அதிகம் என்பதால், அறிகுறி மறைந்த பிறகும் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

அடி என்ற சொல் செய்யும் தீமைகளில் பெரியது, எல்லாம் ஒரு நொடியில் முடிந்துவிட்டது என்று நம்பவைப்பது. உண்மையில் முடிவதில்லை. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிந்துகொண்டே இருக்கின்றன. அழிந்த பகுதியைச் சுற்றி, இரத்தம் குறைந்தும் சாகாமல் காத்திருக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. குழாயை அடைத்திருக்கும் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து பயன் தரும் என்பதை 1995இல் வெளியான ஆய்வு காட்டியபோது, அறிகுறி தொடங்கியதிலிருந்து காலக்கெடு மூன்று மணி நேரம். பின்னர் அது நாலரை மணி நேரமானது. இரத்தக் குழாய் வழியாகச் சென்று அந்தக் கட்டியை வெளியே எடுக்கும் முறை, தகுந்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட உதவுகிறது. முன்பு சொன்ன பெண்மணி வந்தபோது அவருக்கு எந்தக் கதவும் திறந்திருக்கவில்லை.

ஆகவே, நோய்க்குப் பெயர் வைக்கும் வேலையை எங்களிடம் விட்டுவிடுங்கள். முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, இரு கைகளையும் தூக்கச் சொன்னால் ஒன்று சரிகிறதா, பேச்சுக் குழறுகிறதா, திடீரெனப் பார்வை மங்கியதா அல்லது நடை தள்ளாடுகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் ஆம்புலன்ஸை அழையுங்கள். அவர் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தூக்கத்திலிருந்து எழும்போதே அறிகுறி இருந்தால், படுக்கப்போன நேரத்தைச் சொல்லுங்கள். "ஏழு மணிக்கு நன்றாகப் பேசினார், ஏழேகாலுக்கு வாய் கோணியது" என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னால், நோயாளி வந்து சேர்வதற்குள் ஸ்கேன் அறையைத் தயாராக வைக்க எங்களுக்கு அது போதும்.