மடிப்பில்லா மூளை: முதலில் யாரைத் தேடுவது?

மூளையின் மேற்பரப்பில் மடிப்புகள் உருவாகாமல் வழவழவென்று இருக்கும் பிறவிக் கோளாறு லிசென்செபாலி. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் இந்தப் பெயரைப் பார்த்ததுமே, இதற்கென்றே ஒரு டாக்டர் எங்கே இருக்கிறார் என்று பெற்றோர் அலையத் தொடங்கிவிடுகிறார்கள். முதலில் வேண்டியவர், குழந்தைகளின் மூளைப் படங்களையே தொழிலாகப் பார்க்கும் கதிரியக்க நிபுணர். பெயர் சரிதானா என்று அவர்தான் சொல்ல முடியும்.

அவரிடம் அறிக்கைத் தாளும் ஃபிலிமும் போதாது. ஸ்கேன் மையத்தில் டைகாம் கோப்புகளை, அதாவது ஸ்கேனின் மூல டிஜிட்டல் படங்களை, கேட்டு வாங்குங்கள். முழுப் படத்தொகுப்பும் அதில்தான் இருக்கும். ஸ்கேனின் அடுக்குகள் தடிமனாக இருந்தால், நெருக்கமான நுண்மடிப்புகள் ஒன்றாகக் கலந்து, லிசென்செபாலியில் இருப்பது போலத் தடித்த புறணியாக (மூளையின் வெளி அடுக்காக) தெரியும். உண்மையில் அந்த நுண்மடிப்புக் கோளாறு வேறு, பெயர் பாலிமைக்ரோஜைரியா. அதன் காரணங்களில் கருவிலேயே தொற்றும் சைட்டோமெகலோ வைரஸும் ஒன்று. பரிசோதனையே வேறு திசையில் போகும். சுமார் 1 மி.மீ. அடுக்குள்ள முப்பரிமாணப் படம் எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். முதல் இரண்டு வயதுக்குள் மூளையின் வெண்பகுதி முதிர்ந்துகொண்டே இருப்பதால், பிறகு மறுபடி எடுக்கச் சொன்னால் தட்டிக்கழிக்க வேண்டாம்.

வழவழப்பு முன்பக்கம் அதிகமா, பின்பக்கமா? மரபியல் மருத்துவருக்கு இந்த ஒரு வரி பெரிய துப்பு. பின்பக்கம் என்றால் 17-ஆம் குரோமோசோமில் உள்ள லிஸ்1 ஜீனையும், முன்பக்கம் என்றால் எக்ஸ் குரோமோசோமின் டிசிஎக்ஸ் ஜீனையும் முதலில் சந்தேகிப்பார்கள்.

அதிகம் ஏமாறுவது அடுத்த கட்டத்தில். மைக்ரோஅரே என்ற குரோமோசோம் சோதனை 'நார்மல்' என்று வந்தால் ஜீனில் குறையில்லை என்று அர்த்தமில்லை. துண்டு விட்டுப்போனதையும் கூடுதலாக இருப்பதையும்தான் அது காட்டும். ஓரெழுத்துப் பிழை சிக்க ஜீன் வரிசை வாசிப்பு வேண்டும். டிசிஎக்ஸ் மாற்றம் தெரிந்தால் தாயையும் சோதிக்க வேண்டும்: பெண்களில் அது லேசாக இருந்து, வெளியே தெரியாமலே போகலாம். 17-இல் பெரிய துண்டு விடுபட்டிருந்தால் பெற்றோர் இருவரின் குரோமோசோம்களையும் பார்க்க வேண்டும். ஒருவரிடம் இடம் மாறிய துண்டு சமநிலையில் (எதுவும் கூடாமல் குறையாமல்) இருந்தால் அடுத்த குழந்தைக்கும் ஆபத்து உண்டு.

மரபியல் முடிவுக்கு வாரங்கள் ஆகும். இந்தக் குழந்தைகளுக்கு வரக்கூடிய வலிப்பு அதுவரை காத்திருக்காது. தூங்கி எழும் நேரத்தில் கைகால் விரிந்து தலை குனிந்து, அடுத்தடுத்துத் திடுக்கிடுவது போல வந்தால் அதை வயிற்றுவலி என்று விட்டுவிடாதீர்கள். போனில் வீடியோ எடுத்து, உடனே குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். தூக்கமும் அடங்கிய ஈ.ஈ.ஜி. (மூளையின் மின்னலைப் பதிவு) எடுத்து ஏ.சி.டி.எச்., பிரெட்னிசலோன், விகாபாட்ரின் ஆகிய மருந்துகளில் எது பொருந்தும் என்று அவர் முடிவு செய்வார். தாமதம் வளர்ச்சியைப் பாதிக்கும்.

பால் குடிக்கையில் இருமினாலோ அடிக்கடி நெஞ்சுச் சளி பிடித்தாலோ விழுங்கும் திறனைச் சோதிக்கும் சிகிச்சையாளரும் தேவை. மையங்களைத் தேட, 1997-இல் பிரான்ஸில் தொடங்கிய, அரிய நோய்களுக்கான ஆர்ஃபநெட் இணையதளம் உதவும். தொலைவில் உள்ள நிபுணருக்கு அனுப்பும்போது, பிறந்த எடை, தலைச்சுற்றளவு, வலிப்பு தொடங்கிய மாதம், மருந்தும் அளவும் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். டைகாம் கோப்பையும் அதோடு சேர்த்துவிடுங்கள்.