தணிக்கையா, கணக்காய்வா? வெதரைசேஷன் வீட்டில் ‘ஆடிட்’

‘ஆடிட்’ என்றதும் நமக்கு மார்ச் மாதக் கடைசியும் காணாமல் போன ரசீதுகளும்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பங்களின் வீடுகளுக்கு ஏணியும் டார்ச்சுமாக ஒருவர் வருகிறார். பரண்மேல் ஏறுகிறார், நிலவறையில் தவழ்கிறார், அடுப்புப் புகைபோக்கியை முகர்ந்து பார்க்காத குறையாகச் சோதிக்கிறார். வீட்டில் ஆற்றல் எங்கே வீணாகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. அவருக்கும் ‘எனர்ஜி ஆடிட்டர்’ என்றுதான் பெயர். தமிழில் இதை ‘ஆற்றல் தணிக்கையாளர்’ என்று எழுதிவிடுகிறோம். அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன், அவரை அந்த வீட்டுக்கு அனுப்பும் இன்னொரு சொல்லைப் பார்த்துவிடலாம்.

‘வெதரைசேஷன்’ என்பது ‘வெதர்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லோடு ‘ஐஸ்’ (-ize) விகுதியை ஒட்டிச் செய்தது. வெயில், மழை, காற்று, பனி எல்லாவற்றுக்கும் வீட்டை ஈடுகொடுக்க வைப்பது என்று பொருள். இதற்கு முன்னோடி ‘வின்டரைஸ்’, அதாவது குளிர்காலத்துக்குத் தயார்செய்தல். 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடுத்தபோது வீட்டைச் சூடாக்கும் செலவு எகிறியது. வருமானத்தில் பெரும்பங்கு எரிபொருளுக்கே போகிற குடும்பங்கள் திணறின. 1976-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி வெதரைசேஷன் உதவித் திட்டத்தை உருவாக்கியது. தொடக்கத்தில் வேலை எளிமையாகத்தான் இருந்தது: சன்னலுக்கு பிளாஸ்டிக் தாள் ஒட்டுவது, கதவு இடுக்கில் பட்டை வைப்பது, விரிசலில் பசை பூசுவது. அடுத்த குளிர்காலத்துக்குள் தாள் கிழிந்துவிடும். பின்னர்தான் பரணிலும் சுவருக்குள்ளும் வெப்பக்காப்புப் பொருள் நிரப்புவது, வீட்டைச் சூடாக்கும் சூட்டடுப்பைப் பழுதுபார்ப்பது என்று நிலைத்து நிற்கும் வேலைகளுக்கு வந்தார்கள். பழைய செய்தித்தாளை அரைத்துச் செய்த ‘செல்லுலோஸ்’ பஞ்சைச் சுவருக்குள் குழாயால் ஊதி அடைப்பது இன்றும் இந்தத் தொழிலின் அன்றாட வேலை.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘வானிலைமயமாக்கல்’ என்று வரும். வீட்டுக்குள்ளேயே மழை பெய்யவைப்பது போலிருக்கிறது. ‘குளிர்காப்பு’ என்றால் பாதிதான் சரி, ஏனென்றால் டெக்சஸ், அரிசோனா போன்ற வெக்கை மாநிலங்களிலும் இந்தத் திட்டம் நடக்கிறது. தமிழிலேயே இதற்கென்று செய்து வைத்தது போல ஒரு சொல் இருக்கிறது: தட்பவெப்பம். ‘தண்’ என்ற வேரில் பிறந்த தட்பமும் வெப்பமும் சேர்ந்த இரட்டை. ஆகவே ‘தட்பவெப்பக் காப்பு’. குளிருக்கும் வெயிலுக்கும் சேர்த்துக் கட்டிய காப்பு.

சரி, இனி ஆடிட்டுக்கு வருவோம். இலத்தீனில் ‘ஆடிரே’ என்றால் கேட்டல். ஆடியோ, ஆடிட்டோரியம் எல்லாம் அதே குடும்பம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவாக இருந்த காலத்தில் கணக்கை ஒருவர் உரக்கப் படிப்பார், பொறுப்பானவர் உட்கார்ந்து கேட்பார். கேட்டவர்தான் ஆடிட்டர். வீட்டு எனர்ஜி ஆடிட்டில் இந்தப் பழைய பொருள் தானாகவே திரும்பி வந்துவிட்டதைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. வாசற்கதவைத் திறந்து, அந்த இடத்தில் துணிச்சட்டம் மாட்டி, பெரிய விசிறி ஒன்றைப் பொருத்துவார்கள். ‘புளோயர் டோர்’ என்று பெயர். அது காற்றை வெளியே இழுத்து வீட்டின் உள் அழுத்தத்தை 50 பாஸ்கல் குறைக்கும். அப்போது சுவிட்சுப் பெட்டி ஓரத்திலும் சன்னல் சட்டத்திலும் காற்று ‘உஸ்’ என்று உள்ளே வருவதை நின்று கேட்கலாம். வீடு தன் ஓட்டைகளை வாய்விட்டுச் சொல்கிறது, ஆடிட்டர் கேட்டுக்கொள்கிறார். கண்ணுக்குத் தெரியும் சன்னல் இடுக்கைவிடப் பரணுக்கு ஏறும் மறைவான பொந்துகளே பல வீடுகளில் பெரிய திருடர்கள் என்பதை 1970-களில் நியூஜெர்சியின் ட்வின் ரிவர்ஸ் குடியிருப்பில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இப்படி வீடு வீடாய்ப் போய்ச் சோதிப்பவரை அவர்கள் ‘ஹவுஸ் டாக்டர்’ என்றார்கள். அந்தப் பெயரே நிலைத்திருந்தால் நமக்கு இந்தச் சிக்கல் வந்திராது. ‘வீட்டு வைத்தியர்’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம்.

‘தணிக்கை’ என்ற சொல்லைப் பார்த்தால் ‘தணி’ என்ற வினையிலிருந்து வந்தது போலத் தோன்றும். முருகன் சினம் தணிந்த தணிகை மலைகூட நினைவுக்கு வரும். வெப்பம் தணிக்கும் வேலைக்குப் பொருத்தம்தானே என்றும் சிலர் மகிழலாம். ஆனால் வழி வேறு. அரபியிலிருந்து உருதுவுக்கு வந்த ‘தன்கீஹ்’ என்ற சொல்லின் தமிழ் வடிவம் இது. அலசித் தெளிதல், செப்பனிடுதல் என்று பொருள். தெலுங்கில் இன்றும் சோதனைக்கு ‘தனிகீ’ என்கிறார்கள். அந்நியச் சொல் என்பதற்காக நான் இதைத் தள்ளவில்லை. ரசீதும் வசூலும் ஜப்தியும் இல்லாமல் நம் அலுவலகங்கள் ஓடுமா? என் தயக்கம் வேறு. இன்றைய தமிழ்க் காதுக்குத் தணிக்கை என்றால் ஒன்று, செலவழித்தபின் வந்து குற்றம் பிடிப்பது. இன்னொன்று, படத்தில் காட்சியை வெட்டுவது. எனர்ஜி ஆடிட்டோ வேலை தொடங்கும் முன்னால் நடப்பது. யாருடைய தவறையும் தேடுவதில்லை. ‘உங்கள் வீட்டைத் தணிக்கை செய்ய வருகிறோம்’ என்று ஒரு மூதாட்டிக்குக் கடிதம் போனால் கதவைத் திறப்பாரா என்பது சந்தேகம்தான்.

இங்கே இலங்கைத் தமிழ் கைகொடுக்கிறது. அங்கே ஆடிட்டுக்கு அரசுச் சொல்லே ‘கணக்காய்வு’. ஆடிட்டர் ஜெனரலைக் கணக்காய்வாளர் நாயகம் என்பார்கள். ‘ஆற்றல் கணக்காய்வு’ என்று எழுதினால் நடக்கிற வேலைக்கு அப்படியே பொருந்துகிறது, ஏனென்றால் நடப்பது உண்மையிலேயே ஒரு கணக்கு. வீட்டின் அளவு, சுவரில் இப்போதிருக்கும் காப்பு, சூட்டடுப்பின் திறன், எரிபொருள் விலை எல்லாவற்றையும் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் உருவாக்கிய ‘நீட்’ போன்ற மென்பொருளில் இடுகிறார்கள் (நம் மருத்துவ நுழைவுத்தேர்வு அல்ல, பெயர் ஒற்றுமைதான்). ஒவ்வொரு வேலையும் தன் ஆயுட்காலத்தில் மிச்சப்படுத்தும் தொகையை அதற்கு ஆகும் செலவால் வகுத்தால் 1 அல்லது அதற்கு மேல் வரவேண்டும். வராவிட்டால் ஆற்றல் சேமிப்பு என்ற பெயரில் அந்த வேலையைச் செய்ய முடியாது. பளபளப்பான புதுச் சன்னல்கள் பெரும்பாலும் இந்த வகுத்தலில்தான் அடிபட்டுப் போகின்றன.

ஒரு வரி மட்டும் கணக்குக்கு வெளியே நிற்கும்: உயிர். ஓட்டைகளை அடைத்து வீட்டை இறுக்கிவிட்டால் சூட்டடுப்பின் புகை போக வழியில்லாமல் உள்ளேயே திரும்பலாம். கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் கொல்லும். அதனால் புகை ஒழுங்காக வெளியேறுகிறதா என்ற சோதனையைச் செய்யாமல் இறுக்கும் வேலையைத் தொடக்கூடாது.

அப்புறம், இந்தக் கணக்கையே பார்க்கிறவர் யார்? பணம் மத்திய எரிசக்தித் துறையிலிருந்து மாநிலத்துக்கும், மாநிலத்திலிருந்து உள்ளூர்ச் சமூக அமைப்புகளுக்கும் போகிறது. வறுமைக்கோட்டு வருமானத்தின் 200 விழுக்காடு வரை உள்ள குடும்பங்கள் தகுதி பெறும். முதியோர், மாற்றுத்திறனாளிகள், குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு முன்னுரிமை. 2009-இல் பொருளாதார மீட்புச் சட்டம் சுமார் 500 கோடி டாலரும், 2021-இல் உள்கட்டமைப்புச் சட்டம் 350 கோடி டாலரும் இதில் கொட்டின. இவ்வளவு பணம் கைமாறும்போது மேற்பார்வை இல்லாமல் முடியாது. வேலை முடிந்த ஒவ்வொரு வீட்டையும் சான்றிதழ் பெற்ற தரக் கட்டுப்பாட்டு ஆய்வாளர் ஒருவர் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அதற்கும் மேலே, முடிந்த வீடுகளில் குறைந்தது 5 விழுக்காட்டை மாநிலம் தானே போய்ப் பார்க்கும். கணக்காய்வு செய்தவரே இறுதி ஆய்வும் செய்திருந்தால் அது 10 விழுக்காடு. தன் கணக்கைத் தானே திருத்திக்கொள்கிறவர்மேல் இரட்டைக் கண், நியாயம்தான்.

இந்த மேல்பார்வையாளர் பஞ்சின் கனத்தை மட்டும் அளந்துவிட்டுப் போகிறவர் அல்ல. கோப்பில் ‘சுவரில் காப்பு ஏதுமில்லை’ என்று எழுதியிருக்கும்; சுவரைத் துளைத்துப் பார்த்தால் பழைய காப்பு பாதி இருக்கும். இல்லை என்று எழுதிவிட்டால் மென்பொருள் சேமிப்பைப் பெரிதாகக் காட்டும், வகுத்தலில் 1 சுலபமாகத் தாண்டும். வேலை சுத்தமாக இருக்கும், கணக்கு பொய்யாக இருக்கும். ‘தணிக்கை’ என்ற சொல்லை வைத்திருந்து இந்தக் கட்டத்துக்குத் தாருங்கள், மறுப்பில்லை. எனக்கு இதைவிடப் பிடித்தது ‘கண்காணிப்பு’. சோழர் கல்வெட்டுகளில் கோயில் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்குக் ‘கண்காணி’ என்ற பெயர் வருகிறது. அதே சொல் தேயிலைத் தோட்டத்தில் ‘கங்காணி’யாகிக் கசந்துபோனதும் உண்மை. எனவே கண்காணிப்பு என்று வேலையைச் சொல்லுங்கள். ஆளைக் கண்காணி என்று அழைக்க வேண்டாம், இலங்கை மலையகத்தில் அதற்கு இன்னும் நெடி உண்டு.

கடைசியாக ஒரு சொல், ‘டிஃபரல்’. கூரை ஒழுகினால், சுவரெல்லாம் பூஞ்சை படர்ந்திருந்தால், மின்கம்பிகள் ஆபத்தான நிலையில் இருந்தால் ஆடிட்டர் வேலையைத் தொடங்கமாட்டார். தொழிலில் இருப்பவர்கள் பேச்சில் இதை ‘வாக்-அவே’ என்பார்கள், அதாவது எழுந்து வந்துவிடுவது. அகராதி ‘ஒத்திவைப்பு’ என்று சொல்லும். விதிப்படி காரணத்தையும், எதைச் சரிசெய்தால் மறுபடி வருவோம் என்பதையும் எழுத்தில் தரவேண்டும். அந்தத் தாள் வீட்டுக்காரர் கையில் இருந்தால் அது ஒத்திவைப்பு. இல்லாவிட்டால் தமிழில் அதற்குக் ‘கைவிடல்’ என்று பெயர்.